காரணம் தெரியாமல் மீன்கள் செத்த பெரிய தொட்டியில் மறுபடி மீன் விடுவது: முழுமையான வழிகாட்டி

காலையில் தொட்டி விளக்கைப் போட்டால் மேலே நாலு மீன் மல்லாந்து கிடக்கிறது. கட்டைக்குப் பின்னால் இன்னும் ஏழு. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ஃபில்டர் ஓடுகிறது, ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது. அம்மோனியா சோதித்தால் கொஞ்சம் காட்டுகிறது. அது சாவுக்குக் காரணமா, செத்த உடல்கள் அழுகியதால் வந்த விளைவா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காரணம் தெரியாத சாவு என்று பேசப்படுபவற்றில் பல இந்த வகைதான். காரணம் இருந்தது; நாம் வந்து பார்ப்பதற்குள் போய்விட்டது. விடியற்காலை மூன்று மணிக்குத் தீர்ந்துபோன ஆக்சிஜன், விளக்கு எரிந்து செடிகள் வேலையைத் தொடங்கியதும் திரும்பி வந்துவிடும்.

இந்த நிலையில் புது மீன் வாங்கி விடுவது அதே பொறியில் மறுபடி கையை வைப்பது. தொட்டி நல்ல நிலையில் இருக்கிறது என்பதை மீன் இல்லாமலே முதலில் நிரூபிக்க வேண்டும். அதன்பின் மீன் விடும் முறையே ஒரு சோதனையாக அமைய வேண்டும். மறுபடி ஏதாவது நடந்தால் இழப்பு சிறிதாக இருக்கும், காரணமும் பிடிபடும். இதற்கு மூன்றிலிருந்து நான்கு மாதம் ஆகும். குறுக்குவழி கிடையாது.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 150×60×60 செ.மீ. நன்னீர்த் தொட்டிக்கானவை. கண்ணாடி அளவை வைத்துப் பார்த்தால் 540 லிட்டர். ஆனால் தண்ணீர் விளிம்புக்குச் சில செ.மீ. கீழேதான் நிற்கும், மணலும் கட்டையும் கல்லும் இடத்தைப் பிடிக்கும். உண்மையில் உள்ளது 450 லிட்டர் அளவுதான். மருந்தையும் உப்பையும் 540க்குக் கணக்கிட்டுப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். உங்கள் தொட்டிக்கும் இதே கழிவைச் செய்துகொள்ளுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

எல்லோரும் முதலில் செய்வது பாதித் தண்ணீரை மாற்றுவது. அதற்கு முன் இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலைத் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே முழுக்கி, காற்று இல்லாமல் தளும்ப நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடி எடுங்கள். இன்னொரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் தேதியும் நேரமும் எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீரை மாற்றிய பிறகு கைவசம் மிஞ்சும் சாட்சி இவ்வளவுதான்.

வெப்பநிலை, பிஎச் இரண்டையும் உடனே, தொட்டியிலேயே அளக்க வேண்டும். பாட்டிலைத் திறந்து வைத்தால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறிவிடும். பிறகு கேஎச் (பிஎச் விழாமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மை), அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், குழாய்த் தண்ணீரின் குளோரின். தாள் பட்டைகளைவிடச் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் நம்பகமானது. நைட்ரேட் கிட்டில் இரண்டாவது புட்டியை அரை நிமிடமாவது ஓங்கிக் குலுக்காமல் சொட்டினால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். மருந்து அடியில் படிந்து கிடப்பதுதான் காரணம்.

இதற்கிடையில் ஏர் பம்பைப் போட்டு மேல்மட்டம் நன்றாகக் கலங்கும்படி செய்யுங்கள். எந்தக் காரணமாக இருந்தாலும் இதனால் கெடுதல் இல்லை.

உயிரோடு மீன்கள் இருந்தால் தண்ணீர் மாற்றலாம், ஆனால் பிஎச்சைப் பார்த்த பிறகு. நெடுநாள் கவனிக்காத தொட்டியில் கேஎச் தீர்ந்து பிஎச் 6.5 அல்லது அதற்கும் கீழே விழுந்திருக்கும். அந்த நிலையில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியமாகவே இருக்கும். 25 டிகிரியில், பிஎச் 6.5இல் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 0.2 சதவீதம்கூட இல்லை. பிஎச் 8இல் 5 சதவீதத்துக்கு மேல். பிஎச் 8 உள்ள குழாய்த் தண்ணீரைப் பாதித் தொட்டி ஊற்றி பிஎச்சைத் தூக்கிவிட்டால், மீனைக் காப்பாற்ற வந்த தண்ணீரே கொன்றுவிடும். பிஎச் வித்தியாசம் ஒன்றுக்கு மேல், அம்மோனியாவும் இருக்கிறது என்றால் 10 முதல் 15 சதவீதம் மட்டும் மாற்றி, சில மணி நேரம் விட்டு மறுபடி மாற்றுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் தாராளமாக 50 சதவீதம்.

செத்த மீன்களை எண்ணுங்கள். எண்ணிக்கை இடித்தால் கட்டை, கல், ஃபில்டர் வாய் எல்லாவற்றையும் தேடுங்கள். ஒளிந்து செத்த ஒரு பெரிய பிளெக்கோ (பாசி மேயும் கெளுத்தி வகை) போதும், அடுத்த இரண்டு நாளில் மீதியையும் கொண்டுபோக. செவுளைத் தூக்கிப் பார்ப்பது அப்போதுதான் செத்த மீனில் மட்டுமே பயன்படும். சாக்லேட் பழுப்பு என்றால் நைட்ரைட்டைச் சந்தேகிக்கலாம். வாய் பிளந்து செவுள் மூடி விரிந்து விறைத்திருந்தால் மூச்சுத் திணறல். மீன் நோய் பார்க்கும் கால்நடை மருத்துவரோ ஆய்வகமோ எட்டும் தூரத்தில் இருந்தால், சாகும் தறுவாயில் உள்ள மீன்தான் சிறந்த மாதிரி. செத்ததை அனுப்புவதானால் பையில் போட்டு ஐஸ்மேல் வைத்து அன்றே அனுப்புங்கள். உறைய வைக்கக் கூடாது. திசு சிதைந்து நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது.

சாவு எப்படி வந்தது என்பதைப் படிப்பது

டெஸ்ட் கிட் சொல்லாததை, யார் செத்தது, யார் பிழைத்தது, எவ்வளவு நேரத்தில் என்ற மூன்றும் சொல்லும். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ஒரே இரவில், பெரிய மீன்கள் முதலில், சின்ன டெட்ராக்கள் மிச்சம் என்றால் ஆக்சிஜன். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் கூரமிகளும், மேலே வந்து காற்றை விழுங்கும் கோரிடோரஸும் தப்பியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு விடும் தொட்டி என்றால் சிலிண்டரின் மீட்டரைப் பாருங்கள். சிலிண்டர் தீரும் தறுவாயில் உள்ளழுத்தம் குறையக் குறைய, ஒற்றை நிலை ரெகுலேட்டரில் (அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் கருவி) வெளியழுத்தம் கூடும். மிச்சமிருப்பதெல்லாம் மளமளவென்று தொட்டிக்குள் இறங்கும். காலி சிலிண்டரும் செத்த மீன்களும் ஒரே காலையில் தென்பட்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள் என்றால் குளோரின், வெப்பநிலைத் தாவல், மேலே சொன்ன பிஎச் தாவல், அல்லது வாயு மிகைக் கரைசல். கடைசியானது பலருக்குத் தெரியாதது. அழுத்தத்தில் வரும் குளிர்ந்த தண்ணீரில் காற்று அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும். ஹோஸில் நேரடியாகப் பாதித் தொட்டி நிரப்பினால் கண்ணாடியிலும் செடியிலும் மீனின் துடுப்பிலும் பொடிப் பொடியாகக் குமிழி ஒட்டும். அதே குமிழி மீனின் ரத்தக் குழாய்க்குள்ளும் உண்டாகும். சின்னத் தொட்டியில் வாளியில் ஊற்றுவதால் இது அபூர்வம். பெரிய தொட்டியில் ஹோஸ் இல்லாமல் யார் நிரப்புகிறார்கள்?

இறாலும் நத்தையும் சேர்ந்து செத்திருந்தால் செம்பு அல்லது பூச்சிமருந்து. கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்கு லேசானவை, மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. தொட்டியை மூடி வைத்திருந்தாலும், அறைக் காற்றை ஏர் பம்ப் உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருக்கும். வீட்டில் உள்ள எல்லோரிடமும், அந்த வாரம் யாராவது எதையாவது அடித்தார்களா, துடைத்தார்களா, பெயின்ட் பூசினார்களா என்று கேளுங்கள். திட்டுகிற தொனியில் கேட்டால் உண்மை வராது. இறால்கள் சுகமாக மேய்ந்துகொண்டிருந்தால் செம்பையும் பூச்சிமருந்தையும் பட்டியலில் கடைசிக்குத் தள்ளலாம்.

மின்சாரம் போய் வந்ததும் நடந்ததா? கேனிஸ்டர் ஃபில்டர் மூடிய பாத்திரம். ஓட்டம் நின்றால் உள்ளே உள்ள ஆக்சிஜனை பாக்டீரியாக்கள் விரைவில் தீர்த்துவிடும். பிறகு அவையே அழுகத் தொடங்கும். சில மணி நேரம் கழித்து மின்சாரம் வந்து ஃபில்டர் தானாக ஓடும்போது அந்த அழுகல் அப்படியே தொட்டிக்குள் கொட்டும். மணலைக் கிளறியபோது அழுகிய முட்டை வாடை வந்திருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஐந்து செ.மீ.க்கு மேல் ஆழமான, யாரும் தொடாத மணலில் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும்.

ஒரு நாளைக்கு ஒன்று இரண்டாக, இரண்டு மூன்று வாரம் என்றால் நோய். ஒரே இனம் மட்டும் சாகிறது என்றாலும் நோய்தான் முதல் சந்தேகம். அல்லது எல்லாமே ஒரே நாளில் வாங்கியவை, வயதாகிவிட்டது என்றும் இருக்கலாம். முதுகில் சேணம்போட்ட மாதிரி வெளிறிய பட்டையோ, வாயில் பஞ்சு மாதிரிப் படலமோ இருந்து இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியானால் கொலம்னாரிஸ். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் அது பாக்டீரியா. தண்ணீர் சூடாக இருந்தால் வேகம் கூடும். வெண்புள்ளி நோய்க்குச் செய்வதுபோல வெப்பத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகும்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றும் பிடிபடவில்லை என்றால், ஆக்சிஜன், நச்சு, கருவிப் பழுது, நோய் என்ற நான்குமே நடந்ததாக வைத்துக்கொண்டு நான்கையும் ஒவ்வொன்றாக அடைப்பதுதான் வழி.

எதைக் கழுவுவது, எதைத் தொடக்கூடாது

ஆத்திரத்தில் தொட்டியையே பிரித்து எல்லாவற்றையும் பிளீச்சில் முக்குவது பெரும்பாலும் தவறு. ஃபில்டரில் மாதக்கணக்கில் வளர்ந்த, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாதான் உங்களிடம் மிச்சமுள்ள சொத்து. தொற்று உறுதியாகத் தெரிந்து, எல்லா மீனும் செத்துப்போன நிலையில்தான் முழுக் கிருமிநீக்கம். அதற்கு 200 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.) குளோரின், ஒரு மணி நேரம். 5 சதவீத பிளீச்சில் லிட்டருக்கு 4 மி.லி., 450 லிட்டருக்கு 1.8 லிட்டர். பிறகு வடித்து, பலமுறை அலசி, குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, முழுக்கக் காயவிடுங்கள். கட்டையும் மணலும் பிளீச்சை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். மணலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதே நிம்மதி. பிளீச்சோடு வினிகரையோ அம்மோனியா உள்ள எதையுமோ கலக்கவே கூடாது, விஷவாயு வரும்.

மீன்கள் மாதக்கணக்கில் மெலிந்து, முதுகு வளைந்து, புண்ணோடு செத்திருந்தால் மீன் காசநோய் எனப்படும் மைக்கோபாக்டீரியா இருக்கலாம். இதற்குப் பிளீச்சை மட்டும் நம்ப முடியாது. வலை, சைஃபன் (அழுக்கை உறிஞ்சி எடுக்கும் குழாய்) போன்றவற்றை அலசிக் காயவைத்து 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். இது கையிலுள்ள வெட்டுக்காயம் வழியே மனிதரின் தோலுக்கும் வரும். கையுறை போடாமல் வேலை செய்யாதீர்கள்.

மற்ற எல்லா நிலையிலும் தொட்டி அப்படியே இருக்கட்டும். 50 சதவீதத் தண்ணீர் மாற்றம், மூன்று முறை, இரண்டு நாள் இடைவெளியில். கரைந்திருந்த எதுவும் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஃபில்டரில் அரைக் கிலோ ஆக்டிவேட்டட் கார்பனைப் பையில் கட்டி வைத்து ஒரு வாரத்தில் எடுத்துவிடுங்கள். ஃபில்டரின் மற்ற மீடியாவை, அதாவது பாக்டீரியா ஒட்டி வாழும் பொருள்களை, தொட்டித் தண்ணீரில் மட்டும் லேசாக அலசுங்கள், அதுவும் ஒரு தடவைக்குப் பாதி.

தண்ணீரில் நஞ்சு மிச்சமிருக்கிறதா

பூச்சிமருந்துக்கு வீட்டு டெஸ்ட் கிட் இல்லை. ஆனால் மீனுக்குத் தீனியாக விற்கும் டாஃப்னியா, அதாவது நீர்ப்பேன், ஆய்வகங்களிலேயே நச்சுச் சோதனைக்குப் பயன்படும் உயிரி. அதையே நாமும் பயன்படுத்தலாம்.

சோப்புப் படாத இரண்டு ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் தொட்டித் தண்ணீர்; மற்றதில் குளோரின் நீக்கி ஒரு நாள் காற்று ஊதிய குழாய்த் தண்ணீர். இரண்டும் அறை வெப்பத்துக்கு வரட்டும். தொட்டியின் 27 டிகிரி டாஃப்னியாவுக்குச் சற்று அதிகம். ஒவ்வொன்றிலும் பத்து டாஃப்னியா, சொட்டுக் குழலில் மெதுவாக, தண்ணீருக்குள் விட வேண்டும். மேலிருந்து சொட்டினால் ஓட்டுக்குள் காற்று மாட்டி மிதந்தே செத்துவிடும். தீனி வேண்டாம். 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் ஜாடியை லேசாகச் சுழற்றி, பதினைந்து விநாடிக்குள் நீந்தாதவற்றை எண்ணுங்கள். குழாய்த் தண்ணீரில் ஒன்பதோ பத்தோ நீந்த, தொட்டித் தண்ணீரில் ஐந்து அடியில் கிடந்தால் நஞ்சு இன்னும் இருக்கிறது. தண்ணீர் மாற்றத்தையும் கார்பனையும் தொடருங்கள். இரண்டு ஜாடியிலும் செத்தால் குற்றவாளி குழாய். ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலில் பாதியை மூன்றாவது ஜாடியாக வைத்தால் அன்றைய தண்ணீரையும் விசாரித்ததாகும். இந்தச் சோதனை நோயைக் காட்டாது. முன்பு செம்பு கலந்த மருந்து போட்டிருந்தால் அதற்காகவும் டாஃப்னியா சாகும் என்பதை மறக்க வேண்டாம்.

குழாய்த் தண்ணீரைப் பற்றி ஒன்று. சாதாரண குளோரின் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும், குளோரமைன் போகாது. தனிக் குளோரினை மட்டும் காட்டும் கிட்டில் குளோரமைன் தெரியாது, மொத்தக் குளோரின் காட்டும் கிட் வேண்டும். குளோரின் நீக்கி கலந்த குழாய்த் தண்ணீரில் திடீரென்று அம்மோனியா தெரிந்தால் அது குளோரமைனின் அடையாளம். ஹோஸில் நேரடியாக நிரப்புபவர்கள் குளோரின் நீக்கியை மாற்றும் தண்ணீருக்கு மட்டுமல்ல, 450 லிட்டர் முழுமைக்கும் கணக்கிட்டு, நிரப்பத் தொடங்குவதற்கு முன் ஊற்ற வேண்டும்.

கருவிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது

ஹீட்டர் ஒட்டிக்கொண்டு அணையாமல் போவது சாதாரணமாக நடப்பது. பிறகு தானாகச் சரியாகியும் தொலையும். 400 வாட் ஒன்றுக்குப் பதில் 200 வாட் இரண்டு வையுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தொட்டி கொதிக்க நேரம் பிடிக்கும். ஒன்று செத்தாலும் மற்றது தாக்குப்பிடிக்கும். இரண்டையும் வெளியே உள்ள தனி தெர்மோஸ்டாட் வழியாக இணைத்து, அதை ஹீட்டரின் அளவைவிட 1 டிகிரி கூடுதலாக வையுங்கள். ஹீட்டரின் அளவைத் தண்ணீரைவிட 2 டிகிரி ஏற்றி வைத்து, அந்த அளவுக்கு வந்ததும் அணைகிறதா என்று நின்று பாருங்கள். கண்ணாடியில் மயிரிழை விரிசலோ உள்ளே ஈரமோ தெரிந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் தொட்டிக்குள் கை விட வேண்டும். கசிவு மின்னோட்டத்தில் சுவிட்சைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி தொட்டியின் மின் இணைப்பில் கட்டாயம் இருக்கட்டும்.

ஆக்சிஜனை அளக்க சரியான நேரம் விளக்கு எரிவதற்கு அரைமணி முன்பு. 26 டிகிரியில் தண்ணீர் அதிகபட்சமாகப் பிடித்துக்கொள்வது லிட்டருக்குச் சுமார் 8 மி.கி. விடியலில் 6க்கு மேல் இருக்க வேண்டும். 4க்குக் கீழே போனால் பெரிய மீன்கள் தாங்காது. ஆனால் காலித் தொட்டியில் எடுக்கும் இந்த எண் பாதிதான் உண்மை. மீன் கூடக் கூடக் குறையும். ஒவ்வொரு தொகுதி மீன் விட்ட பிறகும் இதே நேரத்தில் மறுபடி எடுக்க வேண்டும்.

அடுத்தது மின்வெட்டு ஒத்திகை. பேட்டரி ஏர் பம்பை மாட்டிவைத்து மெயின் பிளக்கைப் பிடுங்குங்கள். பம்ப் தானாக ஓடுகிறதா, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். கேனிஸ்டர் திரும்பக் காற்றுப் பிடிக்காமல் ஓடுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஃபில்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் திறந்து, உள்ளே நின்ற தண்ணீரைக் கொட்டி, மீடியாவை அலசிய பிறகே ஓட்டுவது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

காலித் தொட்டிக்கும் தீனி

மீன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்கு உணவில்லை. அவை ஒரு வாரத்தில் அழிந்துவிடாது, ஆனால் திறன் இறங்கிக்கொண்டே போகும். அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மோனியம் குளோரைடு. 2 பிபிஎம்முக்கு 450 லிட்டரில் 2.8 கிராம். சமையல் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரவேண்டும். வரும்வரை அடுத்த அளவு வேண்டாம். தொட்டியில் ஒரு மீன் மிச்சமிருந்தாலும் இதைச் செய்யவே கூடாது.

இதில் பலர் சறுக்கும் இடம் கேஎச். ஒவ்வொரு 2 பிபிஎம் அம்மோனியாவும் மாறும்போது சுமார் 0.65 டிகிரி கேஎச்சைத் தின்னும். பத்து தடவை போட்டால் 6 டிகிரிக்கு மேல் காலி. பிஎச் 6க்குக் கீழே விழுந்து பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். நீங்கள் ஃபில்டர் செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வாரம் ஒருமுறை கேஎச் பார்த்து, 3க்குக் கீழே போனால் சமையல் சோடா போடுங்கள். 450 லிட்டரில் 1 டிகிரி ஏற்ற 13.5 கிராம். மீன் விடுவதற்கு முந்தைய நாள் 50 சதவீதம் மாற்றி நைட்ரேட்டை 20 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

எத்தனை நாள் காலியாக வைப்பது? வெண்புள்ளி ஒட்டுண்ணியின் நீந்தும் பருவத்துக்கு மீன் கிடைக்காவிட்டால் சுமார் இரண்டு நாளில் செத்துவிடும். 28 டிகிரியில் பத்து நாள் போதும். என்ன நோய் என்றே தெரியாதபோது ஆறு வாரம் என்பது எங்கள் கணக்கு. புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தனித்தொட்டி வேலைக்கு எப்படியும் அவ்வளவு காலம் ஆகும். கடல்நீர்த் தொட்டி என்றால் கணக்கே வேறு. அங்கே வெண்புள்ளிக்கு 76 நாள் காலியாக வைப்பது வழக்கம்.

தனித்தொட்டி

80 லிட்டர், அடியில் மணல் வேண்டாம், ஒளிய பிவிசி குழாய்த் துண்டுகள், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், தனி வலை, தனி சைஃபன், தனி வாளி. ஸ்பாஞ்சை வழக்கமாகப் பெரிய தொட்டியில் ஊறப்போட்டு, அதில் பாக்டீரியா வளரும்படி பழக்குவார்கள். இந்த முறை அது கூடாது. பெரிய தொட்டியே சந்தேகத்தில் இருக்கிறது. 80 லிட்டருக்கு 0.5 கிராம் அம்மோனியம் குளோரைடு என்ற கணக்கில் தனியாகவே பழக்குங்கள். நான்கு வாரம்கூட ஆகலாம், ஆகவே சாவு நடந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

மீன் வந்ததும் பையை 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, வலையில் வடித்து மீனை மட்டும் விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. நீண்ட தூரம் பயணம் செய்த பையைத் திறந்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பது ஆபத்து. மூடிய பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கி, சேர்ந்த அம்மோனியாவை அடக்கி வைத்திருக்கும். திறந்த கொஞ்ச நேரத்தில் பிஎச் ஏறி அதே அம்மோனியா செவுளைச் சுட்டுவிடும். விற்பவரிடம் அவருடைய தண்ணீரின் பிஎச், டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) கேட்டுத் தனித்தொட்டித் தண்ணீரை முன்கூட்டியே அதற்கு அருகில் கொண்டுவருவதுதான் சரி.

நான்கு வாரம். நடுவில் ஒரு மீன் நோயில் செத்தாலோ புதிதாக ஒன்று சேர்ந்தாலோ கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. வாரம் இருமுறை 40 சதவீதம் தண்ணீர் மாற்றம். இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். தங்கப்பொடி தூவினாற்போல் தோல் மின்னினால் வெல்வெட் நோய். ஆசனவாயில் சிவப்பு நூல் தொங்கினால் கமலானஸ் புழு. எதுவும் இல்லாத மீனுக்கு முன்னெச்சரிக்கை என்று ஆன்டிபயாடிக் போடாதீர்கள். நோயை மறைக்கும், ஸ்பாஞ்சையும் கொல்லக்கூடும்.

பெரிய தொட்டியில் பழைய மீன்கள் பிழைத்திருந்தால் அவற்றையும் நம்ப முடியாது. நோயைத் தாங்கிக்கொண்டு வெளியே காட்டாமல் சுமக்கும் மீன் உண்டு. நான்காவது வாரம் முடிந்ததும் புது மீன்களில் மூன்றோடு பழைய மீன் ஒன்றை வேறொரு சிறு தொட்டியில் இரண்டு வாரம் சேர்த்து வையுங்கள். புது மீன்கள் நோய்ப்பட்டால் இழப்பு மூன்றோடு நிற்கும்.

விடும் வரிசை

ஒரு தடவைக்கு, கடைசியில் இருக்கப்போகும் மொத்த எடையில் கால்பங்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தொகுதிக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம். கூட்டமாக வாழும் இனத்தை இரண்டு, மூன்றாகப் பிரித்து விடாதீர்கள். அந்த இனம் முழுவதும் ஒரே தடவையில். சொந்த இடம் பிடித்துச் சண்டை போடுபவை கடைசியில். 450 லிட்டருக்கு ஒரு மாதிரி: முதலில் செர்ரி பார்ப் 12. அடுத்து கோரிடோரஸ் 10. மூன்றாவதாக போஸ்மானி ரெயின்போ 8. கடைசியில் ஏஞ்சல் குட்டிகள் 5. செர்ரி பார்ப் முதலில் வருவதற்குக் காரணம் அது தாங்கும் மீன் என்பது மட்டுமல்ல. எடை குறைவு, அடிமட்டத்திலும் நடுமட்டத்திலும் திரிவதால் மேலே வந்து மூச்சு வாங்கினால் உடனே கண்ணில் படும்.

தனித்தொட்டியிலும் பெரிய தொட்டியிலும் ஒரே குழாய்த் தண்ணீர் என்றால் வெப்பநிலையை ஒத்துப்போகச் செய்தால் போதும். விளக்கை அணைத்துவிட்டு மாலையில் விடுங்கள். முதல் மூன்று நாள் பாதித் தீனி. ஏழு நாள் தினமும் அம்மோனியா, நைட்ரைட். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். எதுவாவது 0.25 பிபிஎம் காட்டினால் தீனியை நிறுத்தி 30 சதவீதம் மாற்றி, அடுத்த தொகுதியை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் விடியற்காலை ஆக்சிஜன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மறுபடி ஏதாவது நடக்கும்போது, போன தடவை இல்லாத தகவல் இதில்தான் இருக்கும்.

மறுபடி செத்தால்

ஒரு மீன் செத்தால் காரணம் ஆயிரம் இருக்கும், எடுத்துவிட்டுக் கவனியுங்கள். 48 மணி நேரத்துக்குள் இரண்டு என்றால் வரிசையை நிறுத்துங்கள். மீதியைத் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். அங்கே தேறிவிட்டால் குற்றம் பெரிய தொட்டியின் தண்ணீரிலோ கருவியிலோ. அங்கேயும் சாவு தொடர்ந்தால் மீனோடு வந்த நோய், அல்லது பெரிய தொட்டியில் காத்திருந்த நோய். இரண்டில் எது என்பதைப் பழைய மீனோடு இருந்த அந்த மூன்றின் நிலை சொல்லும். பாட்டிலில் தண்ணீரை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, டாஃப்னியா ஜாடிகளை மறுபடி கழுவி எடுங்கள்.